முப்பது படுக்கை மருத்துவமனையிலிருந்து எங்கே போவது?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் பாபநாசத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 24. தஞ்சாவூரில் ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். என்ற மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, இரண்டரை ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் முப்பது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். வார்டு, பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர், ஆள் வராத நாளில் பில் போடுவது வரை எல்லாம் நான்தான். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார்; அப்பா இருக்கும் ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தையும் அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். மாமா அரசுத் தேர்வு எழுதச் சொல்கிறார். தோழிகள், டிப்ளமோவுக்குப் பின் பட்டம் தரும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள். வெறும் ஜி.என்.எம். என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் எந்த வழியில் போவது? பிளஸ் டூ படிக்கும் என் தங்கையும் நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். சேர்க்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'வெறும் ஜி.என்.எம்.' என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் மனம் வருந்தியது. நானும் ஜி.என்.எம். படித்தவள்தான், அந்தப் படிப்போடு டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்ற நர்சாகவும் பிரசவம் பார்க்கும் பதிவு பெற்ற தாதியாகவும் ஒரே விதமாகத்தான் பதிவாகிறார்கள். மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் நர்ஸ் பணிக்கு இருவரையும் ஒரே தேர்வுக்குத்தான் அழைக்கிறது. பட்டம் எங்கே தேவைப்படும், எங்கே தேவைப்படாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கூச்சத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

நீங்கள் மூன்று வழிகளைச் சொல்லி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். என் கருத்தில், அந்தத் தேர்வுக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய தேர்வு வேறொன்று இருக்கிறது. எந்தப் பிரிவில் கை பழகப் போகிறீர்கள் என்பதே அது. ஏனென்றால் அரசு வேலை, மத்திய நிறுவன வேலை, வெளிநாட்டு வேலை, மேற்படிப்பு ஆகிய நான்கில் பெரும்பாலானவை, இந்தப் பிரிவில், இத்தனை படுக்கை உள்ள மருத்துவமனையில், இந்த நாள் முதல் இந்த நாள் வரை பணியாற்றினேன் என்று எழுதிக் காட்டக்கூடிய அனுபவத்தையே உங்களிடம் கேட்கப் போகின்றன. நீங்கள் இரண்டரை ஆண்டு உழைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த உழைப்பு எந்தக் காகிதத்திலும் ஏறும் வடிவத்தில் இல்லை.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நர்சிங் அதிகாரி தேர்வை, நம் பிள்ளைகள் 'நார்செட்' என்று சொல்வதை, ஜி.என்.எம். படித்தவரும் எழுதலாம். ஆனால் படித்து முடித்துப் பதிவு செய்த பிறகு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனைக்கு முப்பது படுக்கை. ஆக, இரவும் பகலும் நீங்கள் கொடுத்த இரண்டரை ஆண்டும் அந்த விண்ணப்பத்தில் கணக்குக்கு வராது. இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனது உங்கள் குற்றமில்லை.

பிரிவு என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணிக்கு வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம், தாலுகா மருத்துவமனை ஒன்றில் நைட் டியூட்டியில் இருந்தேன். சம்பா அறுவடைக் காலம். களத்து மேட்டில் நெல்லுக்குக் காவலாகத் தரையில் படுத்திருந்த ஒருவரை விடியற்காலையில் வயிற்றுவலி என்று கொண்டுவந்தார்கள். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடிய தோற்றம்தான். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அவரருகே போய், அண்ணாந்து மேலே பார்க்கச் சொன்னார். இமைகள் ஏற மறுத்தன. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். பத்தைத் தாண்ட முடியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது, கடித்த அடையாளமும் பல நேரம் தெரியாது, வயிற்றுவலியில் தொடங்கி இமை விழுந்து பிறகு மூச்சு நிற்கும் என்பது அவருக்குப் பழகிப்போன அறிவு. அடுத்த நிமிடம் மருத்துவரை எழுப்பினார். பாம்புக்கடி மருந்து தொடங்கியது. தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை ஆம்புலன்சில் நான் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போனேன். அந்த மனிதர் பிழைத்தார்.

அன்று முதல் அவசரப் பிரிவில் பாம்புக்கடி நோயாளியை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை அந்தச் சிஸ்டரிடம் ஒழுங்காகக் கற்றேன். ரத்தம் உறைவதைக் கெடுக்கும் கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடியென்றால் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்து உறைந்ததா என்று பார்க்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயை எடுத்தால் முடிவு தவறாகிவிடும். மாற்றுமருந்து ஏறத் தொடங்கும்போது ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் போகும்போது கண்மணி, நாடி, வாய்நீர், நெஞ்சுச் சத்தம் ஆகியவற்றை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சார்ட்டில் ஏற்றுவது என்பதும் அவ்வாறே வந்தது. இவையெல்லாம் ஒரே இடத்தில் தொடர்ந்து நின்று பார்த்ததால் வந்தவை. இன்றைக்கு வார்டு, நாளைக்குத் தியேட்டர், மறுநாள் பில் கவுண்டர் என்று மாறிக்கொண்டிருந்தால் எதையும் ஆழமாகக் கற்க முடியாமல் போகும். நேர்முகத் தேர்வில் உங்களிடம் கேட்கப்படும் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

எந்தப் பிரிவு என்பதை உங்கள் இயல்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரசவ அறையில் நிற்கும்போது உங்களுக்குக் களைப்பு தெரிவதில்லை என்றால், மகப்பேறு உங்களுக்கு உரியது. நீங்கள் ஏற்கெனவே பதிவு பெற்ற தாதி, பயிற்சி பெற்ற தாதியர் சுயமாகப் பிரசவம் பார்க்கும் தகுதிக்கென்றே 18 மாதப் பயிற்சியையும் மத்திய அரசு 2018இல் வகுத்திருக்கிறது. இயந்திரங்களும் எண்களும் உங்களுக்கு அச்சம் தராவிட்டால் ஐ.சி.யு. அல்லது டயாலிசிஸ் பொருந்தும். எடை குறைந்த பச்சிளங்குழந்தையைக் கையாளும் நிதானம் இருந்தால் குழந்தைகள் தீவிரப் பிரிவு. பல பெண்கள் நைட் டியூட்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வெளிநோயாளர் பிரிவு மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். குடும்பச் சுமை இருப்பவர்களின் நிலை எனக்குப் புரியும். ஆனால் 24 வயதில் அந்த மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்து வருவது மிகவும் கடினம்.

அடுத்த ஆறு மாதத்துக்குள் தஞ்சாவூர் அல்லது திருச்சியில், நூறு படுக்கைக்கு மேல் உள்ள, தனி ஐ.சி.யு.வும் அவசரப் பிரிவும் இயங்கும் மருத்துவமனைக்கு மாறுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களும் கேள்வி கேளுங்கள். இரவில் ஐ.சி.யு.வில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள், புதிதாக வருபவரை எத்தனை வாரம் மூத்தவரோடு நிறுத்துவீர்கள், பிரிவு மாற்றுவீர்களா ஆகிய மூன்றுக்கும் பதில் தெரியாமல் சேர வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல், பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது. இதை முழுமையாகக் கடைப்பிடிக்கும் இடம் அரிது. ஆனாலும் இரண்டு பேருக்கு ஒருவர் என்று சொல்லும் மருத்துவமனைக்கும் ஆறு பேருக்கு ஒருவர் என்று சொல்லும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு, நோயாளியின் உயிரிலும் உங்கள் முதுகெலும்பிலும் தெரியும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு தகவல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்சின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது பல ஊர்களில் பரிந்துரையாகவே நின்றுவிட்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம். நீங்கள் 12,000 வாங்குவது உங்கள் தகுதிக்குக் கிடைத்த விலை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

இப்போது சான்றிதழ். நர்சின் அசல் சான்றிதழை வேலை தருபவர் பிடித்து வைத்துக்கொள்வது முறையற்றது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டியது அது. நாளைக்கே சண்டை போடச் சொல்லவில்லை. மேற்படிப்பு விண்ணப்பத்துக்கும் பதிவுப் புதுப்பிப்புக்கும் அசல் தேவைப்படுகிறது என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் அப்பாவையோ மாமாவையோ அழைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் நேரில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனுநாள் இருக்கிறது. விலகும்போது நியமனக் கடிதத்தில் சொன்ன அறிவிப்புக் காலத்தை முழுவதும் வேலை செய்து முடியுங்கள். கோபத்தில் இரண்டு நாள் முன்னால் நின்றுவிட்டு, ரிலீவிங் ஆர்டர் இல்லாமல் அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கை, நீங்கள் பணியாற்றிய பிரிவுகள், சேர்ந்த நாள், விலகிய நாள், உங்கள் பதிவு எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். 'நன்னடத்தை உடையவர்' என்ற ஒரு வரியோடு முடிகிற கடிதம் எங்கும் செல்லாது.

ஏஜெண்ட் விஷயத்தில் என் பதில் உறுதியானது: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். மூன்று லட்சம் என்பது அதைப்போலப் பத்து மடங்கு. வளைகுடா நாடுகளையும் உள்ளடக்கிய, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்சுகளை எடுப்பதில் நடந்த மோசடிகளைப் பார்த்துத்தான், 2015இல் மத்திய அரசு அந்தப் பணியை மாநில அரசு நிறுவனங்களின் வழியே நடத்த ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிவு செய்து, அவர்கள் வெளியிடும் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். வளைகுடா நாட்டில் நர்சாகப் பணிபுரிய அந்த நாட்டு உரிமத் தேர்வில் தேறி, உங்கள் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் படித்த பள்ளிவரை சென்று சரிபார்க்கப்பட வேண்டும். தேர்வைப் பற்றியே பேசாமல் 'விசிட் விசாவில் போய்விடலாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களை வீட்டுவேலைக்கு அனுப்பக்கூடும். உங்கள் அப்பாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். ஆறு மா நிலம் உங்கள் குடும்பத்துக்குச் சோறு. மகளின் நன்மைக்கு என்று நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடப் போகிறார்.

இங்கிலாந்து, ஜெர்மனி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. அவை மொழியில் தொடங்குகின்றன. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அல்லது மருத்துவத் துறைக்கான ஓ.இ.டி. எழுதலாம். ஜெர்மனியில் உரிமம் பெற ஜெர்மன் மொழி பி2 நிலை வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களும் தேறியிருக்கிறார்கள், ஆனால் ஓராண்டுக்குக் குறையாத உழைப்பு அது. பெரிய மருத்துவமனைக்கு மாறிய பிறகு முடிவு செய்தால் போதும்.

மாமா சொல்வது சரியான யோசனை. அவருக்குத் தெரியாத பகுதியை மட்டும் சேர்க்கிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை. தேர்வாகிறவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான் நியமிக்கப்படுகிறார்கள். காலமுறை ஊதியத்துக்கு வரப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களும், அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்களும் என்னோடு பணியாற்றியிருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்கினால், பிறகு பாதுகாப்பும் ஓய்வுக்காலம்வரை பதவி உயர்வும் உண்டு. தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாளும் இருக்கிறது, அதில் நீங்கள் நிச்சயம் தேறுவீர்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்த முறையில் எடுக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணிக்கும் ஜி.என்.எம். போதும், மாதம் 18,000 ரூபாய் என்று அறிவிப்புகள் வந்திருக்கின்றன. தேர்வை எழுதுங்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் சென்டரில் ஓராண்டு உட்காராதீர்கள். வார்டில் நிற்கும் நர்சுக்கு மருந்தளவுக் கணக்கும் நோயாளி கவனிப்பும் பாடமாகவே நடந்துகொண்டிருக்கின்றன, வீட்டுக்கு வந்து தினம் ஒன்றரை மணி நேரம் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

தோழிகள் சொல்லும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நல்ல படிப்பு. முழுநேரமாக இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் இராது. அதனால்தான், முதலில் பெரிய மருத்துவமனையில் இரண்டு ஆண்டு முடித்து, கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, 26 அல்லது 27 வயதில் சேருங்கள் என்கிறேன். பட்டம் கையில் வந்தால் எய்ம்ஸ் தேர்வுக்கு அனுபவ நிபந்தனை நீங்கிவிடும்; பொதுப் பிரிவினருக்கு அதில் 30 வயது வரம்பு, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றும் பட்டியலினத்தவருக்கு ஐந்தும் ஆண்டுகள் தளர்வு என்பதை மனத்தில் வைத்து நாட்களைக் கணக்கிடுங்கள். கற்பிக்க ஆசை இருந்தால் பட்டத்துக்குப் பின் எம்.எஸ்சி. தேவை. படுக்கையருகே இருப்பதுதான் பிடித்தம் என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வேலை செய்தபடி படிக்கும் இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு 2016 முதல் இருக்கிறது. அவசர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, சிறுநீரகம் என்று ஓராண்டுச் சிறப்பு டிப்ளமோக்களும் உண்டு. இதற்கிடையில் வீட்டில் கல்யாணப் பேச்சு வரும். மாப்பிள்ளை வீட்டாரிடம் நைட் டியூட்டி உண்டு, மேலே படிப்பேன் என்ற இரண்டையும் பெண்பார்க்கும் அன்றே உங்கள் அம்மா வாயால் சொல்லிவிடச் செய்யுங்கள்.

தங்கையைத் தாராளமாகச் சேர்க்கலாம், அவளே விரும்பிக் கேட்கிறாள் என்றால். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் நேரடியாக நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்கட்டும், அரசு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்தை முதலில் பாருங்கள், தனியார் நிர்வாக இடத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் 'ஓராண்டு நர்சிங், உடனடி வேலை' என்று தட்டிகள் வைத்திருப்பார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக் குழுமத்தில் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாதவர் உதவியாளராகவே இருந்துவிட நேரும், எத்தனை ஆண்டு உழைத்தாலும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் பேருந்தையும் காட்டுவார்கள். அங்கீகாரக் கடிதத்தையும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் கேட்டுப் பாருங்கள். பிறகு, சொந்த மருத்துவமனை நூறு படுக்கை கொண்டதாக இருக்க வேண்டும் என்பது விதி என்பதால், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு நீங்களும் தங்கையும் அந்த மருத்துவமனை வார்டுக்குப் போய், எத்தனை கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.